வட துருவத்து வானில் எத்தனை சீமென்ஸ்? காந்தத் தரவைக் கொண்டு கணக்கிட்ட அனுபவம்

நார்வேயின் ட்ரோம்சோ நகரில் ஒரு குளிர்கால இரவு. தரையில் வைத்திருக்கும் காந்தமானியின் வடதிசை அளவு கால் மணி நேரத்துக்குள் 480 நானோடெஸ்லா இறங்குகிறது. அங்கே பூமியின் மொத்தக் காந்தப்புலம் சுமார் 53,000 நானோடெஸ்லா. அதில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தச் சிறு இறக்கத்துக்குக் காரணம், தலைக்கு மேலே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மின்னோட்டம். துருவ ஒளி ஆடும்போது காந்த ஊசியும் ஆடுகிறது என்பதை ஸ்வீடனின் உப்சாலாவில் செல்சியஸும் ஹியோர்ட்டரும் 1741-லேயே கவனித்துவிட்டார்கள்.

என் கேள்வி அதற்கு அடுத்தது. அந்த நேரத்தில் மேலே இருந்த காற்று எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்தியது, அதாவது அதன் கடத்துத்திறன் எத்தனை சீமென்ஸ் (கடத்துத்திறனின் அலகு)? தரையில் எடுத்த காந்த அளவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியுமா? கடந்த சில மாதங்களாக வார இறுதிகளில் சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தரவு எல்லாம் பொதுவில் கிடைப்பது. கருவி ஒரு பழைய மடிக்கணினியும் பைத்தான் நிரல்மொழியும்தான். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, எந்த இடத்தில் நிதானமாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் தொழில் கட்டடங்களின் மின்பராமரிப்பு. மெகர் வைத்து கேபிளின் காப்பைப் பார்ப்பது, எர்த் சரியாக இருக்கிறதா என்று அளப்பது, இதெல்லாம் அன்றாட வேலை. கடத்துத்திறன் என்றால் எனக்குக் கம்பியும் முனையும்தான் கண்முன் வரும். வானத்தில் முனையும் கிடையாது, மீட்டரைத் தொடுவதற்கு இடமும் கிடையாது. அதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

வீட்டுக் காந்தமானி

முதலில் ஒரு கருவியைக் கையால் பழக வேண்டும் என்று தோன்றியது. ஆர்எம்3100 என்ற சிறிய காந்த உணரி ஒன்றை வரவழைத்தேன். ஒயர், இணைப்பு முனைகள், பெட்டி எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கி, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியுடன் இணைத்து, படுக்கையறை அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். இரும்பு ஆணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

சிங்கப்பூரில் காந்தப்புலம் சுமார் 42,000 நானோடெஸ்லா. உணரி அதைச் சரியாகவே காட்டியது. அதற்கு மேல்தான் வேடிக்கை. வீவக அடுக்குமாடியில் மின்தூக்கி எங்கள் மாடிக்கு வந்து நின்றால் கோடு ஒரு படி இறங்குகிறது, கிளம்பினால் அதே அளவு ஏறுகிறது. எந்த மாடியில் நிற்கிறது என்பதைக்கூடப் படியின் உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். காலை ஐந்தரைக்கு மேல் கோடு முழுவதும் நடுங்கத் தொடங்கி நள்ளிரவு வரை ஓயாது. வடக்கு தெற்கு ரயில் பாதை தூரத்தில் இல்லை. 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் ரயில்கள், திரும்பும் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகப் போகிறது, அதன் காந்தம் என் அலமாரி வரை வருகிறது.

இதை வைத்து வானத்தைப் படிக்க முடியாது. ஆனால் ஒரு பாடம் இங்கேயே கிடைத்துவிட்டது. காந்தமானி சொல்வது எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் எது மேலிருந்து வந்தது, எது பக்கத்திலிருந்து வந்தது, எது தரைக்கு அடியிலிருந்து வந்தது என்று அது பிரித்துச் சொல்லாது. பிரிப்பது நம் வேலை. வடக்கே ட்ரோம்சோவில் மின்தூக்கி இல்லாத இடத்தில் கருவி இருக்கலாம், ஆனால் இந்தப் பிரிக்கிற வேலை அங்கேயும் உண்டு.

அடிக்கோடு எடுப்பது

வடக்கத்திய தரவுக்கு நான் எடுத்தது இமேஜ் என்ற காந்தமானி வலையமைப்பு. பின்லாந்து வானிலை ஆய்வகம் ஒருங்கிணைக்கிறது. எஸ்டோனியாவின் தார்த்துவிலிருந்து ஸ்வால்பார்டின் நியூ ஓலசுண்ட் வரை, அதாவது வட அட்சம் 58 பாகையிலிருந்து 79 பாகை வரை, நிலையங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கின்றன. பத்து விநாடிக்கு ஒரு அளவு. வடக்கு, கிழக்கு, கீழ்நோக்கு என்று மூன்று திசைகள், கோப்பில் எக்ஸ், ஒய், இசட். அளவு விடுபட்ட இடத்தில் 99999 போன்ற ஒரு எண் நிற்கும். அதை வெறுமையாக மாற்றிவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும், இல்லாவிட்டால் சராசரி எங்கேயோ போய்விடும்.

அடுத்து அடிக்கோடு. இடையூறு எவ்வளவு என்று சொல்ல, இடையூறு இல்லாத நாளில் அளவு எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். பக்கத்தில் உள்ள ஓர் அமைதியான நாளை எடுத்து, அதன் நள்ளிரவுப் பகுதியின் நடுமதிப்பைக் கழிப்பது எளிய வழி. இரவு நிகழ்வுகளுக்கு அது போதும். பகல் நிகழ்வென்றால் சூரியனால் உண்டாகும் அன்றாட ஏற்ற இறக்கத்தையும் கழிக்க வேண்டும். உலகம் முழுவதிலுமுள்ள நிலையங்களைச் சேர்த்துத் தரும் சூப்பர்மேக் தரவில் இந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. கெர்லோவ் 2012-ல் அந்த முறையை விவரமாக எழுதியிருக்கிறார். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய இறக்கங்களில் வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஐம்பது நானோடெஸ்லா மாதிரி சின்ன இடையூறுகளில்தான் அடிக்கோட்டைப் பொறுத்து விடையே மாறுகிறது. அதனால் சின்னவற்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பில் இருப்பது உலக நேரம். ஸ்காண்டிநேவியாவில் காந்த நள்ளிரவு (காந்தத் துருவத்தை வைத்துக் கணக்கிடும் நள்ளிரவு) உலக நேரம் 21:30 வாக்கில் வருகிறது, நமக்கு அது விடியற்காலை ஐந்தரை. நேரலையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பசியாறுவதற்கு முன்னாலேயே பார்த்து முடித்துவிடலாம்.

நானோடெஸ்லாவிலிருந்து ஆம்பியருக்கு

மேலே ஓடும் மின்னோட்டத்தை அகலமான ஒரு தகடு என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரு வரியில் முடியும். தகட்டுக்குக் கீழே உண்டாகும் காந்தப்புலம், காந்த மாறிலியில் பாதியை மின்னோட்ட அடர்த்தியால் பெருக்கியது. எண்ணைப் போட்டால் ஒரு நானோடெஸ்லாவுக்குக் கிலோமீட்டருக்கு 1.59 ஆம்பியர் வருகிறது. ஆனால் பூமியும் கடத்தி. மேலே மின்னோட்டம் மாறினால் தரைக்கு அடியில் தூண்டு மின்னோட்டம் எழுந்து, தரையில் வடதிசை அளவை இன்னும் பெரிதாக்குகிறது. வழக்கமாக மொத்த இடையூறில் மூன்றில் ஒரு பங்கு அடியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். துணைப்புயல் (துருவ ஒளியும் அதன் மின்னோட்டமும் திடீரென்று பொங்குவது) வெடிக்கும் முதல் நிமிடங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடும், கடலோர நிலையங்களில் உப்புநீரின் கடத்தலும் சேர்ந்துகொள்ளும். மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் ஒரு நானோடெஸ்லாவுக்குக் கிலோமீட்டருக்கு 1.06 ஆம்பியர். கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. மனதில் வைத்துக்கொள்ள இவ்வளவு வசதியான எண் வேறு கிடைக்காது.

ஆக நம் 480 நானோடெஸ்லா, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 510 ஆம்பியர். அகலம் 500 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லட்சம் ஆம்பியர். தினமும் 63 ஆம்பியர் பிரேக்கரைப் பார்க்கிற எனக்கு இந்த எண்ணை எழுதும்போதே கை ஒரு கணம் நின்றது.

தகடு என்ற எண்ணம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று நிலைய வரிசையே காட்டிக்கொடுக்கும். மேற்கு நோக்கிய மின்னோட்டத்துக்கு நேர் கீழே இசட் மாற்றம் பூச்சியமாகும். அதற்கு வடக்கே இசட் கூடும், தெற்கே குறையும். நிலையங்களை அட்ச வரிசையில் அடுக்கி ஒரே நிமிடத்து இசட் அளவுகளை வரைந்தால், கோடு பூச்சியத்தைக் கடக்கும் இடம் பளிச்சென்று தெரியும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தின் எக்ஸ் அளவைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். நான் எடுத்த இரவில் கடப்பு ட்ரோம்சோவுக்குச் சற்றுத் தெற்கே விழுந்தது. அந்த வரைபடத்தைத் திரையில் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத ஆறு ஒன்றின் நடுவோட்டத்தில் விரலை வைத்த மகிழ்ச்சி.

மெல்லிய துருவ ஒளி வளைவுகளுக்கு இந்த வழி உதவாது. 110 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதைத் தரையிலிருந்து பார்க்கும்போது, நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த விவரம் எல்லாம் கலந்து மழுங்கிவிடும். பத்துக் கிலோமீட்டர் அகல வளைவுக்குள் கடத்துத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும் நம் எண் அதைக் குறைத்தே சொல்லும்.

"மின்புலம் எங்கேம்மா இருக்கு?"

தங்கை மகள் தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஓம் விதிதானே? ஓட்டத்தை மின்புலத்தால வகுத்தா முடிஞ்சுது" என்றாள்.

"அதேதான். கிலோமீட்டருக்கு ஆம்பியரை கிலோமீட்டருக்கு வோல்ட்டால வகுத்தா நேரா சீமென்ஸ் வந்துரும். ஆனா இந்தக் கோப்புல மின்புலம் எங்கேம்மா இருக்கு?"

அவள் நெடுவரிசைகளை மேலும் கீழும் தேடிவிட்டு, "காணோமே" என்றாள்.

இந்த வேலையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. காந்தமானி மின்னோட்டத்தைச் சொல்கிறது. கடத்துத்திறனையும் மின்புலத்தையும் பெருக்கி வந்த தொகைதான் மின்னோட்டம். தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு சாட்சி வேண்டும்.

சாட்சியைத் தேடுவதற்கு முன், எந்தக் கடத்துத்திறன் என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அயனமண்டலத்தில், அதாவது மேலே அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்திருக்கும் காற்றடுக்கில், இரண்டு உண்டு. மின்புலத்தின் திசையிலேயே மின்னோட்டத்தை ஓட்டுவது பெடர்சன் கடத்துத்திறன், சுமார் 125 கிலோமீட்டர் உயரத்தில் உச்சம். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் குறுக்கே ஓட்டுவது ஹால் கடத்துத்திறன், அதன் உச்சம் இன்னும் கீழே, 105 முதல் 110 கிலோமீட்டரில். தீபாவளிக்கு முதல் நாள் மாலை தேக்கா பக்கம் சிராங்கூன் சாலையில் நடந்தவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று புரியும். நெரிசலில் பெரிய பையுடன் போகிற ஆள் நினைத்த பக்கம் திரும்ப முடியாது, கூட்டம் விடுகிற பக்கம்தான் போவார். சின்னப் பையன் இடுக்கில் புகுந்து போய்விடுவான். 110 கிலோமீட்டரில் அயனிகள் அந்தப் பெரிய ஆள்: நடுநிலை மூலக்கூறுகள் மோதி மோதி அவற்றைப் பிடித்துவைக்கின்றன. எலக்ட்ரான்கள் மோதலில் சிக்காமல், காந்தப்புலம் இழுக்கிறபடி மின்புலத்துக்குக் குறுக்கே வழுக்கிப் போகின்றன. அயனி நிற்க, எலக்ட்ரான் ஓட, அதுவே ஹால் மின்னோட்டம். இன்னும் மேலே போனால் காற்று மெலிந்து, அயனி சுற்றும் வேகமும் மோதும் வேகமும் சமமாகிற இடம் வருகிறது. அங்கே அயனிகள் மின்புலத்தின் வழியே நகர, பெடர்சன் மின்னோட்டம் பிறக்கிறது. நாம் கேட்கும் விடை, இவை ஒவ்வொன்றையும் எல்லா உயரத்துக்கும் கூட்டிச் சேர்த்த மொத்தம்.

இதில் தரைக் காந்தமானி எதைப் பார்க்கிறது? ஜப்பானிய அறிஞர் நாவோஷி ஃபுகுஷிமா காட்டிய ஒரு முடிவு இங்கே மிக முக்கியம். கடத்துத்திறன் எங்கும் சீராக இருந்தால், விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகள் வழியே இறங்கி ஏறும் மின்னோட்டமும், அதை மூடி இணைக்கும் பெடர்சன் மின்னோட்டமும் தரையில் உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் தெரிவது ஹால் மட்டும். ஆகவே 510 ஆம்பியரை வகுத்தால் கிடைப்பது ஹால் கடத்துத்திறன். பெடர்சனை நாம் நேரடியாகப் பார்க்கவே இல்லை, அதை ஊகித்துத்தான் எழுத வேண்டும். பலரும் இந்த இரண்டையும் ஒரே உறுதியோடு அட்டவணையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தில் அது சரியல்ல.

இரண்டாம் சாட்சி

மின்புலத்தைச் சொல்லக்கூடியவை ரேடார்கள். ட்ரோம்சோவுக்கு அருகில் ஐஸ்காட் ரேடார் 1981 முதல் இயங்குகிறது. அது எலக்ட்ரான் அடர்த்தியையே உயரம் உயரமாக அளப்பதால், அது ஓடிய இரவில் கடத்துத்திறனைக் காந்தமானியே இல்லாமல் கணக்கிடலாம். ஆனால் அது எல்லா இரவும் ஓடுவதில்லை. சூப்பர்டார்ன் ரேடார்கள் எப்போதும் ஓடுகின்றன, பிளாஸ்மா (அயனியும் எலக்ட்ரானும் கலந்த வாயு) நகரும் வேகத்தைத் தருகின்றன. வேகத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கினால் மின்புலம். விநாடிக்கு 600 மீட்டர், 50,000 நானோடெஸ்லா என்றால் மீட்டருக்கு 30 மில்லிவோல்ட். அதையே கிலோமீட்டருக்கு 30 வோல்ட் என்றும் எழுதலாம். இடையூறு மிகுந்த நேரத்தில் எதிரொலி தொலைந்துபோவது அந்த ரேடார்களின் பலவீனம், நமக்கு மிகவும் வேண்டிய நேரமும் அதுவே.

510-ஐ 30-ஆல் வகுத்தேன். ஹால் கடத்துத்திறன் 17 சீமென்ஸ்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அழகான ஒற்றை எண் கிடைத்திருக்கும். நிறுத்தாமல் மின்புலத்தை மாற்றிப் பார்த்தேன். 15 வைத்தால் 34 சீமென்ஸ், 50 வைத்தால் 10. இந்த மூன்று மின்புலங்களுமே துருவ ஒளி மண்டலத்தில் சாதாரணமாக வரக்கூடியவை. அடிக்கோட்டிலும் தூண்டு மின்னோட்டத்திலும் எவ்வளவு மெனக்கெட்டாலும், அவை தரும் ஐயம் பத்து இருபது விழுக்காடு. மின்புலம் தரும் ஐயம் மூன்று மடங்கு. கவனம் எங்கே போக வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

இன்னொரு சிக்கல், மின்புலமும் கடத்துத்திறனும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. பளிச்சென்ற துருவ ஒளிக்குள் கடத்துத்திறன் ஏறும்போது மின்புலம் இறங்குவது வழக்கம். ஆகவே இரவு முழுவதும் ஒரே மின்புலம் என்று வைத்து வகுத்தால், பிரகாசமான பட்டைக்குள் கடத்துத்திறன் குறைவாகவும் அதன் ஓரத்தில் அதிகமாகவும் வரும். ஒரே 480 நானோடெஸ்லா, மாலையில் வலுவான மின்புலத்தாலும் வரலாம், நள்ளிரவில் வலுவான கடத்தலாலும் வரலாம். கமிடேயும் கொகுபுனும் 1996-ல் துருவ மின்தாரையை, அதாவது நாம் அளக்கும் இந்த மின்னோட்டத்தை, இப்படி இரண்டு கூறாகப் பிரித்தே பேசினார்கள். என் இரவில் இறக்கம் நள்ளிரவுக்குப் பக்கத்தில் வந்தது, அதனால் கடத்தல் பக்கம் சாய்வதுதான் நியாயம். 17-க்கும் 34-க்கும் நடுவே எங்கோ என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மின்புலமே இல்லாமல், காந்த இடையூறிலிருந்து நேராகக் கடத்துத்திறனுக்குத் தாவும் சூத்திரங்களும் உண்டு. அலாஸ்காவின் சடானிகா ரேடார் அளவுகளையும் தரைக் காந்தத்தையும் ஒப்பிட்டு, ஆன் (Ahn) என்பவரும் கூட்டாளிகளும் 1983-ல் அப்படி ஒன்றைத் தந்தார்கள், 1998-ல் புதுப்பித்தார்கள். இடையூறின் ஓர் அடுக்காகக் கடத்துத்திறன் ஏறுகிறது, இடையூறு மேலா கீழா என்பதைப் பொறுத்தும் காந்த நேரத்தைப் பொறுத்தும் எண்கள் மாறுகின்றன. மின்புலம் அதற்குள் சராசரியாக ஒளிந்திருக்கிறது. நூறு இரவுகளின் போக்கைப் பார்க்க அது நல்ல கருவி. ஒரே இரவின் ஒரே நிமிடத்துக்கு நான் அதை நம்பிப் பயன்படுத்த மாட்டேன்.

விழும் எலக்ட்ரானிடம் கேட்டது

மூன்றாவது பக்கமும் ஒன்று இருக்கிறது. துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் தெரிந்தால் கடத்துத்திறனை அங்கிருந்தே கணக்கிடலாம். ராபின்சனும் கூட்டாளிகளும் 1987-ல் தந்த சூத்திரம் இன்றும் பல மாதிரிகளில் புழங்குகிறது. சராசரி ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் எடுத்து 40-ஆல் பெருக்க வேண்டும். அதை, 16-உடன் அதே ஆற்றலின் வர்க்கத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பிறகு, சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிவாட் விழுகிறதோ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் பெடர்சன். அந்தப் பெடர்சனை 0.45-ஆலும் சராசரி ஆற்றலின் 0.85 அடுக்காலும் பெருக்கினால் ஹால்.

ஏன் வர்க்கமூலம்? எலக்ட்ரான் அயனியோடு சேர்ந்து அழியும் வேகம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு அடர்த்தி வேண்டுமானால் நான்கு மடங்கு எலக்ட்ரான் மழை பொழிய வேண்டும். இதே காரணத்தால்தான் சூரிய ஒளி தரும் கடத்துத்திறனையும் துருவ ஒளி தருவதையும் நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கிறார்கள்.

சதுர மீட்டருக்கு 5 மில்லிவாட் என்று நிலையாக வைத்து ஆற்றலை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் பெடர்சன் 8.9, ஹால் 7.3. ஐந்தில் பெடர்சன் 10.9, ஹால் 19.3. பத்தில் பெடர்சன் 7.7 என்று இறங்கிவிட்டது, ஹாலோ 24.6 என்று ஏறிவிட்டது. வேகமான எலக்ட்ரான் ஆழமாக இறங்கி, ஹால் வாழும் உயரத்தில் அயனியை உண்டாக்குகிறது, பெடர்சனின் உயரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. எண்கள் இப்படி இயற்பியலைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஐந்து கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரிசையின் 19 சீமென்ஸ், காந்தத்திலிருந்து வந்த 17 முதல் 34 என்ற இடைவெளிக்குள் விழுகிறது. இதை நிரூபணம் என்று சொல்லவில்லை. இரண்டு வழியும் ஒரே அளவு வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசையின் ஹால், பெடர்சன் விகிதம் 1.77 என்பது எனக்குப் பயன்பட்டது. அதை வைத்துத்தான் 17-ஐ வகுத்துப் பெடர்சனுக்கு ஏறத்தாழ 9.5 என்று எழுதினேன், பக்கத்தில் "ஊகம்" என்று குறிப்பும் போட்டேன்.

கோடைகாலத்து இரவுகளை நான் தொடவில்லை. அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. மோயனும் ப்ரெக்கேயும் 1993-ல் தந்த சூத்திரப்படி, சூரியன் உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்திருக்க, சூரியனின் செயல்பாட்டைக் காட்டும் ரேடியோ அளவு 150 என்றால் ஒளியால் மட்டுமே ஹால் 11, பெடர்சன் 9.6 சீமென்ஸ். இந்தப் பின்னணியின் மேல் துருவ ஒளியின் பங்கைப் பிரித்தெடுப்பது தனி வேலை. குளிர்கால இரவில் பின்னணி ஒரு சீமென்ஸுக்கும் கீழே, பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

நடுநிலைக் காற்று வீசுவதும் கணக்கில் சேராமல் கிடக்கிறது. விநாடிக்கு 100 மீட்டர் காற்று, மீட்டருக்கு 5 மில்லிவோல்ட்டுக்குச் சமம். 30 மில்லிவோல்ட்டில் அது சிறிது, 15-ல் சிறிதல்ல.

இதனால் சிங்கப்பூருக்கு என்ன

தங்கை மகள் அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டாள். பெடர்சன் எண்ணை ஏன் இவ்வளவு கவலையோடு பார்க்கிறேன் என்பதற்கும் விடை இதுவே. பெடர்சன் கடத்துத்திறனை மின்புலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் காற்றுக்குள் இறங்கும் வெப்பம். என் எண்களில் சதுர மீட்டருக்கு 8.5 மில்லிவாட். ஆயிரம் கிலோமீட்டர் நீளம், நூறு கிலோமீட்டர் அகலப் பட்டைக்கு 850 மெகாவாட். அந்த வெப்பத்தால் மேல் வளிமண்டலம் விரிகிறது, அந்த விரிவு துருவத்தோடு நிற்காமல் நடுக்கோடு வரை பரவுகிறது. 2022 பிப்ரவரி 3-ல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, ஒரு மிதமான காந்தப்புயலால் காற்று தடித்துப்போய், சுற்றுப்பாதைக்கு ஏற முடியாமல் விழுந்தன. 2015 டிசம்பர் 16-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிய நம் சிங்கப்பூரின் டெலியோஸ்-1 செயற்கைக்கோள், நடுக்கோட்டை ஒட்டி 15 பாகைச் சாய்வில் சுற்றுவதற்காக அனுப்பப்பட்டது. துருவ ஒளிக்கு மேலே அது போனதே கிடையாது. ஆனாலும் ட்ரோம்சோவுக்கு மேலே காற்று சூடாகும் இரவுகளில் அதன் பாதையிலும் இழுவை கூடும்.

"அப்ப மின்புலம் தப்பா இருந்தா வெப்பமும் தப்பாத்தானே வரும் மாமா?"

வரும், ஆனால் கடத்துத்திறன் அளவுக்கு மோசமாக இல்லை. 15 வைத்தால் 4.2, 50 வைத்தால் 14. கடத்துத்திறன் ஒரு பக்கம் இறங்கும்போது மின்புலத்தின் வர்க்கம் மறுபக்கம் ஏறுகிறது. மொத்தத்தில் வெப்பம், மின்புலத்தைப் பின்தொடர்ந்து நேர்விகிதத்தில் போகிறது. இந்தக் கணக்கை அவள்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினாள்.

நடுக்கோட்டுப் பக்கமும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிக் காந்த நடுக்கோடு போகிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் ஏவியதற்கு அந்த இடம்தான் காரணம், திருநெல்வேலியில் காந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே. அங்கே மேலும் கீழும் போக முடியாமல் தடுக்கப்பட்ட ஹால் மின்னோட்டம் ஒரு துணை மின்புலத்தை உண்டாக்கி, கிழக்கு மேற்குக் கடத்தலைப் பல மடங்காக்குகிறது. கௌலிங் கடத்துத்திறன் என்று பெயர்: ஹாலின் வர்க்கத்தைப் பெடர்சனால் வகுத்து, பெடர்சனைக் கூட்ட வேண்டும். துருவ ஒளியின் பிரகாசப் பட்டை ஓரங்களில் அடைபட்டால் அங்கேயும் இது நடக்கலாம். என் 17-ஐயும் 9.5-ஐயும் போட்டால் 40 சீமென்ஸ் வருகிறது. முழுவதும் அடைபடுவது அரிது என்பதால் உண்மை 9.5-க்கும் 40-க்கும் நடுவே இருக்கும். ஆனால் அடைப்பு இருந்தால் ஃபுகுஷிமா முடிவின் சீரான கடத்துத்திறன் என்ற நிபந்தனையும் உடைகிறது, தரை அளவில் பெடர்சனும் கசிகிறது. இதைத் தீர்க்க ஒற்றை வரி வகுத்தல் போதாது. சுற்றிலும் உள்ள நிலையங்களைச் சேர்த்து மின்னோட்டத்தை இரு பரிமாணத்தில் வரைய வேண்டும். அம் (Amm) என்பவரும் வில்யானனும் 1999-ல் தந்த கோள மின்னோட்ட முறையைப் பைத்தானில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இப்போதைக்கு என் கோப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூன்று நெடுவரிசை: குறைந்த மின்புலத்துக்கு ஹால், நடு மின்புலத்துக்கு ஹால், உயர்ந்த மின்புலத்துக்கு ஹால். சூப்பர்டார்ன் வேகம் கிடைத்த நிமிடங்களில் நான்காவதாக ஒன்று. பெடர்சன் தனித் தாளில். செய்து பார்க்க நினைக்கிறவர்கள் ஐஸ்காட் ஓடிய ஒரு டிசம்பர் அல்லது ஜனவரி இரவிலிருந்து தொடங்குங்கள். 200 நானோடெஸ்லாவுக்கு மேல் இறங்கிய, இசட் கடப்பு ட்ரோம்சோவுக்கு அருகில் விழுந்த நிமிடங்களை மட்டும் எடுங்கள், அப்புறம் ரேடார் சொல்லும் கடத்துத்திறனைப் பக்கத்தில் வையுங்கள். ஸ்கிபோட்ன், கைசெனியெமி, கரெசுவாந்தோ என்ற மூன்று இடங்களிலிருந்து ஒரே வான்பகுதியைப் பார்க்கும் ஐஸ்காட் 3டி ரேடாரின் தரவு பொதுவில் கிடைக்கும்போது, மின்புலத்தை ஊகிக்க வேண்டிய நிமிடங்கள் குறையும். அதற்கான ஐந்தாவது நெடுவரிசையைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.